தோல் புற்றுநோய்: சென்னையிலேயே பார்ப்பதா, பிள்ளைகள் இருக்கும் நாட்டுக்குப் போவதா?

இந்தக் கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். அப்பாவோ அம்மாவோ குரோம்பேட்டையிலோ அண்ணா நகரிலோ இருப்பார்கள். பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்திருக்கும். டல்லாஸில் இருக்கும் மகன் "டிக்கெட் போடறேன், உடனே கிளம்பி வாங்க" என்பார். சிங்கப்பூரில் இருக்கும் மகள் "அவ்வளவு தூரம் எதுக்கு? நாலு மணி நேரத்துல இங்க வந்துடலாமே" என்பார். இதற்கு நேர் எதிராக, மெல்பர்னிலும் லண்டனிலும் இருந்துகொண்டு "சென்னைக்கு வந்து பார்த்தால் மலிவா?" என்று கேட்பவர்களும் உண்டு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோல் புற்றுநோயில் பெரும்பாலானவற்றைச் சென்னையிலேயே நன்றாகக் குணப்படுத்த முடியும். வெளிநாட்டை யோசிக்க வேண்டிய நிலைமைகள் சிலதான். அந்தச் சிலவற்றிலும் முதலில் பார்க்க வேண்டியது, அந்த நாட்டுச் சட்டப்படி உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதை. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே மருந்து. அந்த ஊர்க்காரர் கட்டுவது சில பத்து டாலர், விருந்தாளியாகப் போனவர் கட்டுவது பல ஆயிரம் டாலர். இதைக் கணக்கில் எடுக்காமல் "அமெரிக்காவில் இவ்வளவு, இந்தியாவில் இவ்வளவு" என்று போடும் பட்டியல்களால் ஒரு பயனும் இல்லை.

நான் டாக்டர் இல்லை. மருந்தை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் புற்றுநோய் மருத்துவர். எங்கே, எந்தச் செலவில் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

## எதை வைத்து ஒப்பிடுவது?

ஐந்து விஷயங்களைப் பார்க்கலாம். நோய் எந்த வகை, எந்த ஸ்டேஜ். அந்த நாட்டில் சிகிச்சைச் செலவை யார் ஏற்பார்கள். எவ்வளவு சீக்கிரம் தொடங்க முடியும். அறுவைச் சிகிச்சை முடிந்த பிறகு ஐந்து ஆண்டுக்காலப் பரிசோதனைகளை யார் செய்வார்கள். கடைசியாக, இதே வகை நோயை அந்த டாக்டர் குழு எத்தனை முறை பார்த்திருக்கிறது.

இவற்றில் முதல் இரண்டு தெளிவானாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பெரும்பாலான குடும்பங்களில் பேச்சு நேராக மூன்றாவதுக்குத் தாவிவிடுகிறது. பயம் அப்படி. ஒரு வாரம் செலவழித்து ரிப்போர்ட்டைச் சரியாகப் புரிந்துகொள்வது காலதாமதம் ஆகாது.

## எல்லாத் தோல் புற்றுநோயும் ஒன்றல்ல

மூன்று வகைகள் முக்கியமானவை.

முதலாவது பேசல் செல் கார்சினோமா. முகத்தில், மூக்கோரம், கண்ணோரம் வரும். மெதுவாக வளரும், உடலின் மற்ற இடங்களுக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் விட்டுவைத்தால் இருக்கும் இடத்தையே அரித்துவிடும். இரண்டாவது ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. வெள்ளைத் தோல்காரர்களுக்கு வெயிலால் வருவது. நம் நிறத்தவர்களுக்கு அதோடு பழைய தீக்காயத் தழும்பிலும், ஆண்டுக்கணக்காக ஆறாத புண்ணிலும் வரும். இது நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவக்கூடும். மூன்றாவது மெலனோமா. எண்ணிக்கையில் குறைவு, ஆபத்தில் அதிகம்.

மெலனோமா இந்தியர்களுக்கு அபூர்வம். வந்தால் வெயில் படும் முதுகிலும் கையிலும் வருவதைவிட உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி போன்ற இடங்களில் வரும் வகையே நம்மிடம் அதிகம். இதற்கு ஆக்ரல் மெலனோமா என்று பெயர். பாப் மார்லிக்கு வந்தது இதுதான். கால் கட்டைவிரல் நகத்தடியில் தொடங்கி, 1981-இல் 36 வயதில் அவர் உயிரைக் கொண்டுபோனது. நம் ஊரில் இதைக் கால் ஆணி என்றோ, நகச்சுத்தி என்றோ, சர்க்கரைக்காரர் என்றால் சர்க்கரைப் புண் என்றோ நினைத்து மாதக்கணக்கில் களிம்பு போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மச்சத்தைச் சுண்ணாம்பு வைத்து எரிப்பது, பார்லரில் லேசர் வைத்து எடுப்பது இரண்டுமே ஆபத்து. எடுத்த சதையைப் பயாப்ஸிக்கு அனுப்பாமல் எரித்துவிட்டால், அது என்னவாக இருந்தது, எவ்வளவு ஆழத்துக்குப் போயிருந்தது என்று பிறகு எந்த நாட்டு டாக்டராலும் சொல்ல முடியாது. மெலனோமாவில் அந்த ஆழம்தான் எல்லாம். மில்லிமீட்டரில் அளந்து பிரெஸ்லோ தடிமன் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பார்கள். அந்த எண் இல்லாத மெலனோமா ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான், கேட்டு வாங்குங்கள்.

## சிகிச்சை முறைகள்: எதற்கு நாடு மாற வேண்டும், எதற்கு வேண்டாம்?

வழக்கமான அறுவைச் சிகிச்சை. கட்டியைச் சுற்றி நல்ல தோலையும் கொஞ்சம் சேர்த்து வெட்டி எடுப்பார்கள். ஆபத்துக் குறைந்த பேசல் செல்லுக்கு 4 மில்லிமீட்டர் விளிம்பு போதும். மெலனோமாவுக்கு ஆழத்தைப் பொறுத்து 1 முதல் 2 சென்டிமீட்டர். முதல் முறை வந்த பேசல் செல்லில் இப்படி எடுத்தாலே ஐந்தாண்டுகளில் திரும்பி வராதவர்கள் நூற்றுக்கு சுமார் 95 பேர். இதற்கு விமானம் ஏற வேண்டியதே இல்லை. சென்னையில் தனியார் மருத்துவமனையில் மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்யும் சிறிய அறுவைக்குச் சில பத்தாயிரங்கள் ஆகும். முகத்தில் தோலை நகர்த்தி வைத்தோ ஒட்டுப் போட்டோ மூட வேண்டியிருந்தால் லட்சத்தைத் தொடும்.

மோஸ் அறுவைச் சிகிச்சை. அமெரிக்காவில் விஸ்கான்சினைச் சேர்ந்த ஃபிரெடரிக் மோஸ் 1930-களில் தொடங்கிவைத்த முறை. மெல்லிய அடுக்கு ஒன்றை எடுத்து, உறையவைத்து, அதன் விளிம்பு முழுவதையும் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். எங்கே நோய் மிச்சம் இருக்கிறதோ அங்கே மட்டும் அடுத்த அடுக்கு. எல்லாம் ஒரே நாளில் முடியும். வழக்கமான முறையில் விளிம்பின் சிறு பகுதியே கண்ணாடிக்கு அடியில் போகும். இதில் முழுவதும் போகிறது. பேசல் செல்லில் இதன் வெற்றி 99 சதவீதம் வரை. ஒருமுறை எடுத்தும் திரும்பி வந்த கட்டி, கண்ணிமை, மூக்கு நுனி, காது மடல் ஆகியவற்றுக்கு இது நிஜமாகவே மேல். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சாதாரணமாகக் கிடைக்கிறது. இந்தியாவில் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள் மிகக் குறைவு.

ஆனால் இதற்காக மட்டும் கடல் தாண்டுவதற்கு முன் சென்னை டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஃப்ரோசன் செக்‌ஷன் வைத்து விளிம்பைப் பார்த்துவிட்டு மூடுவீர்களா, அல்லது ரிப்போர்ட் வந்த பிறகு இரண்டாம் கட்டமாக மூடுவீர்களா?" ஃப்ரோசன் செக்‌ஷன் என்றால் எடுத்த சதையை அப்போதே உறையவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. இரண்டில் எதற்கு ஆம் என்றாலும், மோஸ் அளவுக்கு நுட்பம் இல்லாவிட்டாலும் தேவையான பாதுகாப்பு கிடைத்துவிடுகிறது.

களிம்பு, உறைய வைத்தல். மேலோட்டமான பேசல் செல்லுக்கு இமிக்விமாட் களிம்பு, திரவ நைட்ரஜன் எல்லாம் உண்டு. செலவு மிகக் குறைவு. எங்கும் ஒன்றுதான்.

கதிர்வீச்சு. அறுவை தாங்காத வயதானவர்களுக்கும், அறுவைக்குப் பிறகு நோய் மிச்சம் இருக்கும் என்ற சந்தேகம் உள்ளவர்களுக்கும் பயன்படும். தரமணியில் 2019-இல் புரோட்டான் சிகிச்சை மையம் வந்ததிலிருந்து "புரோட்டான் கொடுக்கலாமா?" என்று பலரும் கேட்கிறார்கள். புரோட்டானின் சிறப்பு, உடலுக்குள் ஆழத்தில் இருக்கும் கட்டியைச் சுற்றியுள்ள உறுப்புகளைக் காப்பது. தோல் மேற்பரப்பில் இருக்கும் சாதாரணக் கட்டிக்கு எலெக்ட்ரான் கதிரே போதும். அதன் செலவும் பல மடங்கு குறைவு.

இம்யூனோதெரபியும் இலக்கு மருந்துகளும். உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டிவிடுவது இம்யூனோதெரபி. நோயில் உள்ள குறிப்பிட்ட மரபணு மாற்றத்தைக் குறிவைப்பவை இலக்கு மருந்துகள். பணம் உண்மையிலேயே கரையும் இடம் இதுதான். பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்துக்கு மெலனோமாவுக்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2014-இல். அதுவரை ஆயுளை மாதக்கணக்கில் பேசிவந்த பரவிய மெலனோமாவில், பல ஆண்டுகள் வாழ்பவர்கள் அதற்குப் பிறகு அதிகமானார்கள். இந்த வழியைத் திறந்த ஆராய்ச்சிக்காக ஜேம்ஸ் ஆலிசனுக்கும் டசுகு ஹோஞ்சோவுக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது.

விலைதான் மலைக்க வைக்கிறது. அமெரிக்காவில் 2024-இல் மூன்று வாரத்துக்கு ஒரு தவணையின் பட்டியல் விலை பதினோராயிரம் டாலருக்கு மேல், அதாவது ஏறத்தாழ பத்து லட்சம் ரூபாய். ஓராண்டுக்கு 17 தவணை என்று வைத்தால் மருந்து மட்டும் ஏறத்தாழ இரண்டு லட்சம் டாலர். இந்தியாவில் அச்சிட்ட விலைப்படி 200 மில்லிகிராம் தவணைக்கு ஏறத்தாழ நான்கு லட்சம். மருந்து நிறுவனத்தின் உதவித் திட்டத்தில் சேர்ந்தால் சில தவணைகள் இலவசமாகக் கிடைத்து, கையிலிருந்து போவது வெகுவாகக் குறையும். 2023 மார்ச்சில் இந்த மருந்துக்கான அடிப்படைச் சுங்கவரியையும் மத்திய அரசு முழுவதுமாக நீக்கியது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: முதலில் அனுமதி பெற்றபோது இதன் அளவு உடல் எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 2 மில்லிகிராம். 200 மில்லிகிராம் என்ற நிலையான அளவு பின்னால் வந்தது. 50 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு எடைக்கணக்கில் 100 மில்லிகிராம்தான் வரும். "எடைக்கணக்கில் கொடுக்க முடியுமா?" என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். செலவு பாதியாகும் கேள்வி இது.

இங்கே ஒரு கசப்பான உண்மையும் உண்டு. இந்த மருந்துகளின் பெரிய வெற்றிகள் வெள்ளையர்களுக்கு வரும் வெயில்வகை மெலனோமாவில் கிடைத்தவை. நம்மவர்களுக்கு வரும் ஆக்ரல் வகையில் பலன் குறைவு. பிராஃப் என்ற மரபணு மாற்றம் வெயில்வகையில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருக்கும். அவர்களுக்கு டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் என்ற இலக்கு மாத்திரைகள் வேலை செய்யும். ஆக்ரலில் அந்த மாற்றம் உள்ளவர்கள் அதைவிட மிகக் குறைவு. எனவே "அமெரிக்காவில் புது மருந்து வந்திருக்கிறதாம்" என்று கேள்விப்பட்டு வீட்டை விற்பதற்கு முன், அந்த மருந்து எந்த வகை மெலனோமாவில் சோதிக்கப்பட்டது என்று கேளுங்கள்.

## இடம் இடமாக

### சென்னை

அரசு வழியில் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ராயப்பேட்டை அரசு மருத்துவமனை. தர்ம வழியில் 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கி, டாக்டர் சாந்தா வளர்த்தெடுத்த அடையாறு புற்றுநோய் நிலையம். பிறகு பெரிய தனியார் மருத்துவமனைகள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் வரை ஏற்கும். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் இது நன்றாகவே கைகொடுக்கும். விலை உயர்ந்த இம்யூனோதெரபிக்கு இதை மட்டும் நம்பி உட்கார முடியாது.

நடுத்தரக் குடும்பத்துக்குச் சிக்கல் வருவது தனியார் மெடிக்கல் இன்சூரன்ஸில். இம்யூனோதெரபி ஊசியைப் பாலிசியில் சேர்க்க மாட்டோம் என்று நிறுவனங்கள் சொல்லக்கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. ஆனால் உச்சவரம்பு வைக்கலாம். ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் அது காப்பீட்டுத் தொகையில் பாதி. 5 லட்சம் பாலிசி என்றால் இரண்டரை லட்சம். ஒரு தவணைக்குக்கூடப் போதாது. அப்புறம் அறை வாடகை. பாலிசி அனுமதிக்கும் அறையைவிட உயர்ந்த அறை எடுத்தால், வாடகை வித்தியாசத்தோடு விடமாட்டார்கள். சர்ஜன் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். தனி அறை வேண்டும் என்ற ஆசை பில்லின் கடைசிப் பக்கத்தில் தெரியும்.

ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். நோய் வந்த பிறகு எடுக்கும் பாலிசி அந்த நோய்க்கு உடனே உதவாது. மறைத்து எடுத்தால் கிளெய்ம் நிற்காது.

அரசு மருத்துவமனையில் பணம் மிச்சம், நேரம் செலவு. ஒருவர் எப்போதும் கூட இருக்க வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு தகவல்: புற்றுநோயாளி சிகிச்சைக்குப் போகும்போது ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். மருத்துவமனையின் சான்றிதழ் வேண்டும். திருநெல்வேலியிலிருந்து மாதாமாதம் வருபவர்களில்கூட இதைக் கேட்டு வாங்காதவர்கள் நிறைய.

### சிங்கப்பூர்

தேசிய புற்றுநோய் மையம், தேசிய தோல் மையம் இரண்டும் தரமானவை. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மெடிஷீல்டு என்ற அரசுக் காப்பீடும் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பும் இருக்கின்றன. 2022 செப்டம்பரிலிருந்து, அங்கீகரித்த புற்றுநோய் மருந்துகளின் பட்டியலில் இருப்பதற்குத்தான் மெடிஷீல்டு பணம் தரும். நிரந்தரவாசியாக இருந்தாலும் முதலில் மருந்து பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

விசிட் பாஸில் போகும் பெற்றோருக்கு மானியம் எதுவும் இல்லை. முழுக் கட்டணம், அதன் மேல் 9 சதவீத ஜிஎஸ்டி. மகள் நிரந்தரவாசி என்பதால் அம்மாவுக்கு ஒன்றும் குறையாது.

கட்டடத்திலும் கப்பல் பட்டறையிலும் வெயிலில் வேலை செய்யும் நம் தம்பிகளுக்கு வேறு கணக்கு. ஒர்க் பர்மிட், எஸ் பாஸ் வைத்திருப்போருக்கு முதலாளி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும் என்பது 2023 ஜூலை முதல் சட்டம். அது ஆஸ்பத்திரியில் சேர்வதற்கும் ஒருநாள் அறுவைக்கும் உரியது. அறுவை மட்டும் தேவைப்படும் நிலை என்றால், வேலையை விட்டு ஊருக்கு ஓடிவருவதற்கு முன் அங்கேயே அந்தக் காப்பீட்டில் முடித்துக்கொள்வது நல்லது. பர்மிட் ரத்தானால் காப்பீடும் போய்விடும்.

### ஆஸ்திரேலியா

தோல் புற்றுநோயில் உலகத்துக்கே அனுபவம் சொல்லக்கூடிய நாடு. அங்கே மூவரில் இருவருக்கு 70 வயதுக்குள் ஏதாவது ஒரு தோல் புற்றுநோய் வருகிறது. சாதாரண ஜிபியே (குடும்ப டாக்டர்) தினமும் பார்க்கும் நோய் இது. மெலனோமாவுக்கு இரண்டாவது கருத்து கேட்பதென்றால் என் முதல் தேர்வு சிட்னி.

மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை இருப்பவருக்கு அரசு மருத்துவமனையில் அறுவை இலவசம். இம்யூனோதெரபி மருந்துக்கு அரசு மானியம் போக நோயாளி கட்டுவது ஒரு மருந்துச் சீட்டுக்கான தொகைதான். 2025-இல் அது பொதுப் பிரிவினருக்கு 31 டாலர் 60 சென்ட்டாக இருந்தது. மெடிகேர் வைத்துக்கொண்டு சென்னைக்கு வரலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதிலேயே இருக்கிறது: வராதீர்கள். தனியார் ஸ்பெஷலிஸ்டிடம் மெடிகேர் தருவதற்கு மேல் கைக்காசு கட்ட வேண்டியிருப்பது எரிச்சல்தான். அதற்காக டிக்கெட்டும் விடுப்பும் செலவழித்து இங்கே வருவது கணக்குக்குச் சரிவராது.

விசிட்டர் விசாவில் வரும் பெற்றோருக்கு மெடிகேர் கிடையாது. ஆஸ்திரேலியாவோடு பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் உள்ள நாடுகளில் பிரிட்டன் இருக்கிறது, இந்தியா இல்லை.

### பிரிட்டன்

சட்டப்படி அங்கே வசிப்பவருக்கு அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் இலவசம். வேலை விசாவில் இருப்பவர் ஆண்டுக்கு 1,035 பவுண்ட் சுகாதாரக் கட்டணத்தை விசாவோடு கட்டிவிடுகிறார். அதற்குப் பிறகு புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் தனிப் பில் இல்லை. குறை என்னவென்றால் காத்திருப்பு. சந்தேகத்தின் பேரில் ஜிபி அனுப்பியதிலிருந்து 62 நாட்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் இலக்கு. எல்லோருக்கும் அது நிறைவேறுவதில்லை. மெதுவாக வளரும் பேசல் செல்லுக்கு அதைவிட நீண்ட வரிசை இருக்கும். அது பொறுத்துக்கொள்ளக்கூடிய வரிசைதான்.

விசிட்டராக வந்த பெற்றோருக்கு மருத்துவமனைச் சிகிச்சை அடக்க விலையின் 150 சதவீதத்தில், அவசரமில்லாதது என்றால் முன்பணமாக. கட்டாமல் 500 பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்தால் அடுத்த விசா சிக்கலாகும்.

### அமெரிக்கா

மோஸ், புதிய மருந்துகள், மருந்து ஆய்வுகள் எல்லாவற்றிலும் முன்னணி. விலையிலும் அப்படியே. 2024 பிப்ரவரியில் மெலனோமாவுக்கு அனுமதி பெற்ற லிஃபிலூசெல் என்ற செல் சிகிச்சையின் பட்டியல் விலை அறிமுகமானபோதே 5,15,000 டாலர். நான்கு கோடி ரூபாய்க்கு மேல், மருத்துவமனைச் செலவு தனி.

வேலைவழிக் காப்பீடு உள்ளவருக்கு, அந்தக் காப்பீட்டின் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் ஆண்டு உச்சவரம்புக்கு மேல் கையிலிருந்து போகாது. அவர் அங்கேயே பார்ப்பதுதான் சரி. பெற்றோர் கதை வேறு. விசிட்டர் இன்சூரன்ஸ் விளம்பரத்தில் "ஏற்கெனவே உள்ள நோய் திடீரென்று தீவிரமானால் கவர்" என்று இருக்கும். பயாப்ஸி ரிப்போர்ட்டோடு விமானம் ஏறியவரின் புற்றுநோய் அதில் வராது. கிரீன் கார்டு வாங்கித் தந்தாலும், அங்கே வேலை செய்து வரி கட்டாத பெற்றோர் 65 வயதுக்கு மேல் மெடிகேரில் (அமெரிக்காவில் இந்தப் பெயர் முதியோருக்கான அரசுக் காப்பீட்டைக் குறிக்கும்) பணம் கட்டிச் சேரவே ஐந்தாண்டுகள் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் மீறிப் போவதென்றால் காப்பீடு இல்லாதவருக்கு முன்கூட்டியே எழுத்துபூர்வ எஸ்டிமேட் தர வேண்டும் என்று 2022 முதல் அங்கே சட்டம் இருக்கிறது. கேளுங்கள். ரொக்கமாகக் கட்டுவோருக்கான தள்ளுபடியையும் கேளுங்கள். லாப நோக்கற்ற மருத்துவமனைகள் நிதியுதவிக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான்.

### இலங்கையிலிருந்து கேட்பவர்களுக்கு

மஹரகமவிலும் தெல்லிப்பழையிலும் அரசு சிகிச்சை இலவசம். அறுவைக்குச் சென்னை வர வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. மருந்துத் தட்டுப்பாடு, இரண்டாவது கருத்து, ஸ்கேன் போன்றவற்றுக்கு வரலாம். மெடிக்கல் விசாவில் வாருங்கள். டூரிஸ்ட் விசாவில் வந்து நீண்ட சிகிச்சையில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| இடம் | யாருக்குச் செலவு குறைவு | விருந்தாளியாகப் போனால் | எதற்கு ஏற்றது |
|---|---|---|---|
| சென்னை | முதலமைச்சர் காப்பீடு, பழைய தனியார் பாலிசி உள்ளவர் | கைக்காசிலும் அறுவை கட்டுப்படியாகும் | பேசல் செல், ஸ்குவாமஸ், ஆரம்ப மெலனோமா, கதிர்வீச்சு |
| சிங்கப்பூர் | குடிமக்கள், நிரந்தரவாசிகள் | முழுக் கட்டணம், 9% ஜிஎஸ்டி | அங்கே வாழ்பவர். காப்பீடு உள்ள தொழிலாளர் |
| ஆஸ்திரேலியா | மெடிகேர் உள்ளவர் | மெடிகேர் இல்லை | மெலனோமா, இரண்டாவது கருத்து |
| பிரிட்டன் | சட்டப்படி வசிப்பவர் | 150% கட்டணம், முன்பணம் | அங்கே வாழ்பவர் |
| அமெரிக்கா | நல்ல வேலைவழிக் காப்பீடு உள்ளவர் | மிக அதிகம், காப்பீடு ஏற்காது | மோஸ், மருந்து ஆய்வு, வேறு வழி தீர்ந்த மெலனோமா |

## பில்லில் வராத செலவுகள்

அறுவை ஒரு நாள். பரிசோதனை ஐந்தாண்டு. மெலனோமாவுக்கு முதல் சில ஆண்டுகள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்க வேண்டும். டல்லாஸில் அறுவை முடித்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பினால், அந்தத் தழும்பை முதன்முதலாகப் பார்க்கும் இங்குள்ள டாக்டருக்கு முழு விவரமும் புதிது. கதிர்வீச்சு என்றால் வாரக்கணக்கில் தினசரிப் பயணம். பிள்ளை வேலைக்குப் போகும் ஊரில், கார் ஓட்டத் தெரியாத அப்பாவை யார் தினமும் கூட்டிப்போவது?

இம்யூனோதெரபியில் இன்னொரு ஆபத்து. குடல் அழற்சி, நுரையீரல் அழற்சி, தைராய்டு கோளாறு போன்ற பக்கவிளைவுகள் மருந்தை நிறுத்தி மாதங்கள் கழித்தும் வரலாம். வெளிநாட்டில் மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பியவருக்கு நள்ளிரவில் வயிற்றுப்போக்கு வந்தால், வீட்டருகே உள்ள நர்சிங் ஹோம் அதை ஹோட்டல் சாப்பாட்டின் தலையில் கட்டிவிடும். மருந்தின் பெயரும் சிகிச்சை தரும் டாக்டரின் எண்ணும் எழுதிய அட்டை பர்ஸில் எப்போதும் இருக்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து பணம் அனுப்புபவர்களுக்கு: ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டினால் வங்கி மூலத்திலேயே வரி வசூலிக்கும். வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம் என்றாலும், அதுவரை அந்தப் பணம் முடங்கும். அதோடு, நோயைச் சொல்லாமல் டூரிஸ்ட் விசா வாங்கிப் போவது வேண்டாம். சிகிச்சைக்கென்று அமெரிக்காவில் பி-2, ஆஸ்திரேலியாவில் 602 என்று முறையான விசா வழிகளே இருக்கின்றன.

## அப்படியானால் யார் எங்கே?

முகத்தில் சின்னப் பேசல் செல், வயது 70, சென்னையில் வீடு: சென்னைதான், யோசிக்கவே வேண்டாம். அதே நோய் கண்ணிமையில் இரண்டாவது முறை வந்திருக்கிறது, மகன் செலவு செய்யத் தயார் என்றால், முதலில் இந்தியாவுக்குள் மோஸ் செய்பவரைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் வெளிநாட்டு எஸ்டிமேட் வாங்குவதில் அர்த்தம் உண்டு. பழைய தீப்புண்ணில் வந்த ஸ்குவாமஸ் என்றால் தேவை பெரிய அறுவையும் நல்ல ஒட்டும். இந்த வகையை நம் அரசு மருத்துவமனை சர்ஜன்கள் வெளிநாட்டு சர்ஜன்களைவிட அதிகம் பார்த்திருப்பார்கள்.

உள்ளங்காலில் மெலனோமா, இன்னும் பரவவில்லை: சென்னையில், நிணநீர் முடிச்சுப் பரிசோதனையும் சேர்த்துச் செய்யும் புற்றுநோய் சர்ஜனிடம், சீக்கிரமாக. விசாவுக்குக் காத்திருக்கும் ஆறு வாரம் இங்கே வீண். பரவிய மெலனோமா, முதல் மருந்துக்குக் கட்டுப்படவில்லை என்றால் அப்போதுதான் அமெரிக்க, ஆஸ்திரேலிய மருந்து ஆய்வுகளைத் தேட வேண்டும். அவற்றில் ஆய்வு மருந்து பெரும்பாலும் இலவசம். ஸ்கேன், தங்குமிடம், பக்கவிளைவுச் சிகிச்சை யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். இந்தியாவில் நடக்கும் ஆய்வுகள் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் இருக்கும். தேட ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

வெளிநாட்டில் நல்ல காப்பீட்டோடு வாழ்பவர் சென்னைக்கு வர ஒரே நல்ல காரணம், பார்த்துக்கொள்ள ஆள் இங்கேதான் இருக்கிறது என்பது. அது சின்னக் காரணம் இல்லை. தனியாக டொராண்டோவில் இருக்கும் ஒருவருக்கு, அறுவைக்குப் பிறகு ரசம் வைத்துக்கொடுக்க அக்கா பல்லாவரத்தில் இருக்கிறார் என்றால் அதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தால் விசாவும் தேவையில்லை.

இவற்றுக்கெல்லாம் நடுவில் ஒரு வழி இருக்கிறது; பலர் அதை யோசிப்பதில்லை. நோயாளி போக வேண்டாம், பயாப்ஸி போகட்டும். சதைத் துண்டை மெழுகில் பதித்த பிளாக்கும் கண்ணாடி ஸ்லைடும் மருத்துவமனை லேபில் இருக்கும். எழுதிக் கேட்டால் தருவார்கள். அவற்றைக் கூரியரில் அனுப்பினால் சிட்னியிலோ ஹூஸ்டனிலோ மும்பை டாடா மருத்துவமனையிலோ உள்ள நிபுணர் பார்த்து, இது மெலனோமாதானா, ஆழம் எவ்வளவு, எந்த மரபணுப் பரிசோதனை வேண்டும் என்று எழுதித் தருவார். வீடியோவில் ஆலோசனையும் கேட்கலாம். சிகிச்சை குரோம்பேட்டையிலிருந்து ஆட்டோ தூரத்திலேயே நடக்கும். ஒன்று மட்டும் கவனம்: எல்லா பிளாக்கையும் ஒரே பார்சலில் அனுப்பிவிடாதீர்கள். நோய் தெளிவாக இருக்கும் ஒரு பிளாக்காவது சென்னை லேபிலேயே இருக்கட்டும். பார்சல் தொலைந்தால் மறுபடி பரிசோதிக்க வேறு சதை இருக்காது.